கோசுமெல் தீவில் ஒரு சனிக்கிழமை: சோளம், சுண்ணாம்பு, அத்தை

வெள்ளி, கடலில்

நேற்று சாயங்காலம் டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் நானும் என் கணவரும் அவருடைய அம்மாவான அத்தையும் கப்பல் ஏறினோம். இன்று முழுக்கத் தண்ணீர்தான். விடியற்காலையில் தூரத்தில் எண்ணெய்க் கிணற்று மேடைகள் தெரிந்தன, அப்புறம் அதுவும் இல்லை. எனக்கு லேசாகத் தலைசுற்றல். எழுபதைத் தாண்டிய அத்தைக்கு ஒன்றும் இல்லை. காலையிலிருந்து மேல்தளத்தை வலம் வந்துகொண்டிருக்கிறார்.

நாளை கோசுமெல், மெக்சிகோவின் கரீபியக் கடல் தீவு. கரை இறங்கினால் என்ன செய்வது என்று வீட்டிலேயே பெரிய பஞ்சாயத்து நடந்தது. அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் பவளப்பாறையில் முக்குளிக்கப் போகிறார்கள், இல்லையென்றால் கடற்கரையில் சாய்வு நாற்காலி, இல்லையென்றால் நகைக்கடை. அத்தை கடலில் இறங்க மாட்டார், வெயிலில் கிடக்க மாட்டார், கடை என்றாலே அலுப்பு. "சமையல் சொல்லித் தாராங்களா? அதுக்குன்னா வாரேன்" என்றார். மதியம் வரைக்கும் நடக்கும் மெக்சிகோ சமையல் வகுப்பு ஒன்றைப் பதிவு செய்தோம்.

பதிவு செய்யும் முன் ஒரு மின்னஞ்சல் போட்டேன். அத்தை கோவில்பட்டிச் சைவம், முட்டைகூட ஆகாது. மெக்சிகோ சமையலில் கண்ணுக்குத் தெரிகிற கறி பிரச்சினையே இல்லை, ஒதுக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத பன்றிக் கொழுப்புதான் தொல்லை. மான்டேகா என்பார்கள். மசித்த பீன்ஸில் இருக்கும், தமாலே என்கிற சோளக் கொழுக்கட்டையின் மாவில் இருக்கும், சாதத்தைக் கோழிச் சாற்றில் வேகவைத்திருப்பார்கள். "இறைச்சி இல்லை" என்று சொல்லித் தருகிற தட்டில் இவை மூன்றும் இருக்கலாம். அதனால் "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் போதாது. கொழுப்பு வேண்டாம், சாறு வேண்டாம், எண்ணெய் மட்டும் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரி என்று பதில் வந்தது.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். கோசுமெல் இருக்கும் கிந்தானா ரோ மாநிலம் 2015-லிருந்து வருடம் முழுக்க ஒரே நேரத்தில் ஓடுகிறது. கோடையில் டெக்சாஸ் நேரமும் அதுவும் ஒன்றுதான், இப்போது போலக் குளிர்காலத்தில் அங்கே ஒரு மணி நேரம் முன்னால். எங்கள் கப்பல் டெக்சாஸ் நேரத்தையே வைத்துக்கொள்கிறது. கரையில் கால் வைத்ததும் கைபேசி தானாக மாறிவிடும். வகுப்புக்கு ஊர் நேரம், திரும்பி வருவதற்குக் கப்பல் நேரம். பழைய கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொண்டால் குழப்பமில்லை.

சனி, கோசுமெல்

எழுந்து பார்த்தால் கப்பல் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று, அந்தப் பக்கம் இரண்டு. உலகத்திலேயே அதிகமாகச் சுற்றுலாக் கப்பல்கள் வந்து போகும் துறைமுகங்களில் இதுவும் ஒன்று. நான்காவதாக ஒரு கப்பல் தளம் கட்டும் திட்டத்தை உள்ளூர்க்காரர்கள் பலர் பவளப்பாறைக்காக எதிர்த்து வந்திருக்கிறார்கள். நாலு அடுக்குமாடிகள் மிதந்து நிற்கிற மாதிரியான அந்தக் காட்சியைப் பார்த்தபோது அவர்கள் பக்கம்தான் எனக்கு நியாயம் தெரிந்தது. நானும் அதில் ஒன்றிலிருந்துதான் இறங்கினேன் என்பது வேறு கதை.

கப்பலிலிருந்து பழம், சாண்ட்விச் எதுவும் கீழே கொண்டுபோகக் கூடாது. அத்தை முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஆப்பிளை வாசலில் வைத்துவிட்டு வரவேண்டியதாயிற்று. தளத்தைத் தாண்டினால் வெள்ளிக் கடை, வைரக் கடை, டெக்கிலா கடை. அதையெல்லாம் கடந்து டாக்சி வரிசைக்கு வர வேண்டும். மீட்டர் கிடையாது. எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள், ஏறுமுன் கேட்டு உறுதி செய்துகொண்டால் வம்பில்லை.

வகுப்பு நடக்கிற இடம் சான் மிகெல் ஊருக்குள், கடற்கரைச் சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி. நாலு தெரு தாண்டியதுமே வேறு ஊர். ஆங்கிலப் பலகைகள் போய்விட்டன. டோர்டியா என்கிற சோள ரொட்டி போடும் கடை ஒன்றில் துணி மூடிய கூடையோடு பெண்கள் நின்றார்கள், கிலோ கணக்கில் வாங்கிப் போகிறார்கள். ஒரு வீட்டின் பின்கட்டுதான் வகுப்பறை. ஓலைக் கூரை, நீள மேசை, எரிவாயு அடுப்புகள், ஓரத்தில் ஒரு விறகடுப்பு. நாங்கள் மூன்று பேர், மற்ற கப்பல்களிலிருந்து வந்த அமெரிக்கர்கள் ஏழெட்டுப் பேர்.

கழுத்தில் பூவேலை செய்த வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு நடுவயது அம்மாதான் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் இந்தப் பகுதிப் பழங்குடிகளான மாயாக்களின் மொழி, வெளியில் ஸ்பானிஷ். கூட இருந்த இளைஞன் அதை ஆங்கிலத்தில் சொன்னான், நான் அத்தைக்குத் தமிழில் சொன்னேன். 1519-ல் மெக்சிகோவைப் பிடிக்க வந்த ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் இந்தத் தீவில் இறங்கியபோது, பல வருடங்களுக்கு முன் கப்பல் உடைந்து மாயாக்களிடம் மாட்டியிருந்த அகிலார் என்ற ஸ்பானியரைக் கண்டுபிடித்தார். பிறகு அகிலார் மாயாவிலும், மலின்சே என்ற பெண் அஸ்டெக்குகளின் மொழியிலும் மாற்றி மாற்றிச் சொல்லித்தான் அந்தப் படையெடுப்பே நடந்தது. எங்கள் மேசையில் நடந்த மொழிபெயர்ப்பு அவ்வளவு விபரீதமில்லை.

முதலில் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே மஞ்சளாகக் கலங்கிய தண்ணீர், அடியில் மக்காச்சோளம். கையை விட்டு அள்ளச் சொன்னார். சோளத்தின் தோல் வழவழவென்று கையோடு வந்தது. பக்கத்துக் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி. அத்தை ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"ஏட்டி, இது சுண்ணாம்புல்லா!"

சுண்ணாம்பேதான். ஸ்பானிஷில் கால் என்கிறார்கள். ஒரு கிலோ காய்ந்த சோளத்துக்குப் பத்து கிராம் அளவு போதும். தண்ணீரில் கரைத்து, சோளத்தைப் போட்டு, தோல் கழலும்வரை மெல்லிய தீயில் வேகவிட்டு, இரவு முழுக்க அப்படியே ஊறவிடுகிறார்கள். காலையில் நாலைந்து தண்ணீர் விட்டு அலசினால் தோலும் சுண்ணாம்பும் போய்விடும். மிஞ்சுவது நிஷ்டமால். அதை ஈரத்தோடு அரைத்தால் மாசா, அதாவது மாவு. சும்மா காய்ந்த சோளத்தை அரைத்துத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் உதிரும், தட்ட வராது. சுண்ணாம்பில் வெந்ததுதான் பிடித்துக்கொள்ளும்.

மாவு சேர்ந்து வருவதோடு இந்தச் சமாசாரம் முடியவில்லை. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் இருக்கிறது, ஆனால் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அதை அவிழ்த்துவிடுகிறது, கால்சியத்தையும் ஏற்றுகிறது. ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துப் போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். விளைவு, சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குப் பெலாக்ரா. தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்து, கடைசியில் உயிரே போய்விடும். இத்தாலியில் ஒரு காலம், அமெரிக்கத் தென்மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி வரைக்கும். நியாசின்தான் மருந்து என்று தெரிந்தது 1937-ல். இங்கே வாளியைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் பாட்டிமார் ஆயிரக்கணக்கான வருடங்களாக அந்த நோயே வராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

தீவும் அதன் எதிரே இருக்கும் தீபகற்பமும் சேர்ந்த யுகாத்தான் பகுதியில் சுண்ணாம்புக்குப் பஞ்சமே இல்லை. தீவும் சரி, எதிர்க்கரையும் சரி, முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிவிடுவதால் எதிர்க்கரையின் வடபகுதியில் ஆறே ஓடுவதில்லை. தண்ணீருக்கு செனோட்டே என்கிற பாறைக் கிணறுகள்தான். அந்தப் பாறையைச் சுட்டுத்தான் மாயாக்கள் கோயில் சுவருக்குச் சாந்து பூசினார்கள், அதே சுண்ணாம்பைத்தான் சோளப் பானையிலும் போட்டார்கள். தீவின் நடுவில் சான் ஹெர்வாசியோ என்ற இடத்தில் அந்தக் காலக் கட்டடங்கள் சிதைந்து நிற்கின்றன. இஷ்செல் என்ற பெண் தெய்வத்தைத் தேடி, பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் படகேறி வந்த தலம். போக நேரமில்லை. கோயிலா சமையலா என்றால் இன்று சமையல்தான்.

ஓரத்தில் மூன்று கால் வைத்த அம்மி ஒன்று இருந்தது, மெடாடே. குழவியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். நானும் அரைத்தேன், படமெடுத்துக்கொள்ளத்தான். உண்மையான மாவு பக்கத்துத் தெரு மில்லில் அரைத்து வந்தது என்று அவரே சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

மாவை எலுமிச்சை அளவு உருட்டி, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து, இரும்பு அச்சில் அமுக்கினால் வட்டம் ரெடி. எல்லாரும் டொக் டொக்கென்று அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தை அச்சைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு துண்டு வாழையிலை கேட்டார். அதில் எண்ணெய் தடவி, உருண்டையை வைத்து, மூன்று விரலால் அதிரசம் தட்டுகிற மாதிரி தட்டித் திருப்பித் தட்டினார். ஓரம் கனமாக இல்லாமல் ஒரே சீராக வந்தது. அந்த அம்மா தான் செய்துகொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார். தன் பாட்டி இப்படித்தான் தட்டுவாள், இலையைச் சுற்றிச் சுற்றித் தட்டுவாள் என்று கையால் காட்டினார். அதற்குப் பிறகு மொழிபெயர்க்கிற பையனுக்கும் எனக்கும் வேலை குறைந்துபோனது. இருவரும் நேராகவே பேசிக்கொண்டார்கள், ஒருவர் தமிழில், ஒருவர் ஸ்பானிஷில்.

சுடுகிற கல்லுக்கு கோமால் என்று பெயர். நன்றாகக் காய வேண்டும். போட்டு ஒரு இருபது விநாடி, திருப்பி முக்கால் நிமிடம், மறுபடி திருப்பினால் நடுவில் காற்றுப் பிடித்து உப்பும். உப்பாவிட்டால் விரலால் லேசாக ஒரு தட்டு. இந்த உப்பல் அழகுக்கில்லை. யுகாத்தானில் பனூச்சோ என்று ஒன்று உண்டு. உப்பிய டோர்டியாவின் ஓரத்தைக் கீறி, அந்தப் பைக்குள் மசித்த கறுப்பு பீன்ஸைத் தடவி, எண்ணெயில் பொரித்தெடுப்பது. உப்பவில்லையென்றால் பனூச்சோ இல்லை. பீன்ஸ் வேகும்போது எபசோடே என்று ஒரு தழையைப் போட்டார்கள், மருந்து வாசம். வாயுவுக்கு நல்லதாம். "பெருங்காயம் கிடைக்காதோ இவங்களுக்கு" என்று அத்தை என் காதில் சொன்னார்.

சிகில் பாக் செய்ததுதான் எனக்கு இன்றைய பெரிய லாபம். மாயா காலத்துத் துவையல். பூசணி விதையை வெறும் கல்லில் வெடிக்கும்வரை வறுத்து, பொடித்து, தணலில் சுட்டுக் கருக்கிய தக்காளியோடு கல்லில் நசுக்க வேண்டும். வெங்காயம், கொத்தமல்லி, உப்பு, சுட்ட ஹபனேரோ மிளகாய் ஒரு நுனி. நாரத்தங்காய் வாசம் அடிக்கும் ஒரு புளிப்பு ஆரஞ்சை மேலே பிழிந்தார்கள். நம் வீடுகளில் பூசணி நறுக்கும்போது விதை நேராகக் குப்பைக்குப் போகிறதே என்று வயிறு எரிந்தது. நசுக்கிய உரல் கறுப்பு எரிமலைக் கல். சுண்ணாம்புப் பூமியில் அந்தக் கல் கிடையாது, வெகு தூரத்திலிருந்து வந்தாக வேண்டும்.

ஹபனேரோ பற்றி ஒரு வார்த்தை. அழகான ஆரஞ்சு நிறம், பழ வாசனை. நம் குண்டூர் மிளகாயெல்லாம் இதன் முன்னால் நிற்காது. மேசையில் இருந்த அமெரிக்கர்கள் இந்தியர்கள்தானே என்று எங்களையே பார்த்தார்கள். என் கணவர், மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு துண்டை அப்படியே கடித்தார். கண்ணில் நீர் வழிய, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சிவப்பு வெங்காய ஊறல் வீட்டில் நாளைக்கே செய்யலாம். மெல்லிசாக அரிந்து, கொதிநீர் ஊற்றி உடனே வடித்து, உப்பும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் ஓரிகானோவும் சேர்த்து அரை மணி வைத்தால் ரோஜா நிறத்துக்கு மாறிவிடும். அந்த ஆரஞ்சு கிடைக்காதவர்கள் இரண்டு பங்கு சாதா ஆரஞ்சுக்கு ஒரு பங்கு எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம் என்றார்.

மற்றவர்களுக்குக் கொச்சினீட்டா பிபில். அச்சியோடே விதையை அரைத்த சிவப்பு மசாலாவில் ஊறிய பன்றி இறைச்சியை வாழையிலையில் பொதிந்து வேகவைப்பது. முறைப்படி மண்ணுக்குள் குழி வெட்டி, கல்லைக் காயவைத்து, பல மணி நேரம் மூடிவைக்க வேண்டும். கப்பல்காரர்களுக்கு அவ்வளவு நேரமில்லாததால் முன்னமே வெந்து தயாராக இருந்தது, நாங்கள் பொட்டலம் பிரித்ததோடு சரி. அத்தைக்கு அதே மசாலாவில் உருளைக்கிழங்கும் காளானும் தனிப் பொட்டலம், தனி அடுப்பு. இதில் ஒரு வேடிக்கை. குழியும் அச்சியோடேயும் மாயாக்களுடையது. பன்றியை ஸ்பானியர்கள் கொண்டுவந்தார்கள். வாழையும் அந்தப் புளிப்பு ஆரஞ்சும் நம் ஆசியாவிலிருந்து கிளம்பிப் போனவை. பன்றிக்கு முன்னால் இங்கே மான்டேகா என்ற பேச்சே இல்லை. வான்கோழியும் மானும் சாப்பிட்டார்கள்தான், ஆனால் அன்றாடச் சாப்பாடு என்பது சோளமும் பீன்ஸும் பூசணியும் மிளகாயும். அத்தையின் தட்டில் இருந்தது சலுகைச் சாப்பாடு இல்லை, மற்றவர்கள் தட்டில் இருந்ததைவிடப் பழைய சாப்பாடு. சைவம் என்று சொல்லிக் கூச்சப்பட்டுக் கேட்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

குறை சொல்ல வேண்டுமென்றால், மார்கரீட்டா என்கிற மதுக்கலவை அளவுக்கு மீறி ஓடியது. இரண்டாவது சுற்றுக்குப் பிறகு பாதிப் பேருக்கு மாவில் கவனமில்லை. நானும் அத்தையும் ஹமாய்க்கா குடித்தோம். கோங்குரா செடியின் சிவந்த பூவிதழ் மூடியைக் காயவைத்து, கொதிக்கவைத்து, சர்க்கரை போட்டு ஆறவைத்தது. புளிப்பும் குளுமையுமாக மத்தியான வெயிலுக்கு அதுதான் சரி.

கடைசியில் இனிப்பு. பச்சைப் பப்பாளித் துண்டுகளைப் பாகில் ஊறவைத்திருந்தார்கள், வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பாகு. எப்படிக் கரையாமல் நிற்கிறது என்று நான் கேட்குமுன் அத்தை, "இதுவும் சுண்ணாம்புத் தண்ணிதான்" என்றார். சரியாகச் சொன்னார். ஆக்ராவில் வெண்பூசணிப் பேட்டாவுக்கும் அதே வேலைதான் செய்கிறார்கள். ஒரு முறை டூர் போனபோது கடைக்காரனிடம் கேட்டு வைத்திருக்கிறார்.

இவர் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பன்றிப் பொட்டலத்தை முடித்தார். அத்தைக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார். நாற்பது வயதுப் பிள்ளை.

திரும்பும் வழியில் சந்தையில் நிறுத்தி அச்சியோடே விழுதும் ஒரு பாக்கெட் சமையல் சுண்ணாம்பும் வாங்கினோம். கப்பல் நேரப்படி கடைசி ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் மிச்சம். மேல்தளத்தில் நின்றால் கடற்கரைச் சாலையில் சிலர் ஓட்டமும் நடையுமாக வருவது தெரிந்தது. கைபேசி காட்டும் ஊர் நேரத்தைக் கப்பல் நேரம் என்று நினைத்தவர்களாக இருக்க வேண்டும்.

ஞாயிறு, மறுபடியும் கடலில்

காலையில் அத்தை கேட்ட கேள்விக்கு இணையத்தில் பதில் தேடுவதற்காகவே கப்பலின் கொள்ளை விலை வைஃபையை வாங்கினேன். அவர் பிறந்த கரிசல் பூமியில் மக்காச்சோளம் வருமுன் வெள்ளைச் சோளமும் கம்பும்தான். "அந்த வெள்ளைச் சோளத்தை இப்படிச் சுண்ணாம்புல வேகவச்சுத் தட்டலாமா?" என்று நேற்றே வகுப்பில் கேட்டார். அந்த அம்மாவுக்கு அந்தத் தானியமே பழக்கமில்லை.

செய்யலாம். ஹோண்டுராஸ், எல் சால்வடார் பக்கம் மழை குறைந்த மலையோரங்களில் மைசியோ என்று வெள்ளைச் சோளம் விளைகிறது. அதைச் சுண்ணாம்பில் வேகவைத்து டோர்டியா தட்டுகிறார்கள், மக்காச்சோளத்தோடு கலந்தும் தட்டுகிறார்கள். படித்துக் காட்டியதும் அத்தை, "பின்ன? நமக்குத் தோணினது அவங்களுக்குத் தோணாமலா இருக்கும்" என்றார். ஹூஸ்டனில் இந்தியக் கடையில் வெள்ளைச் சோளம் கிடைக்கும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை இதற்கு எடுக்கக் கூடாது, அதில் என்னென்ன கலந்திருக்குமோ. மெக்சிகோ மளிகைக் கடையில் சமையலுக்கென்றே தனியாக விற்கிறார்கள். அளவு, ஊறும் நேரம் எல்லாம் செய்து பார்த்துத்தான் சொல்ல முடியும். வந்தால் எழுதுகிறேன்.

நாளை காலை கால்வெஸ்டன். பழம், பச்சை இலை எதையும் கரை இறக்காமல் இருப்பதே நல்லது. மூடி போட்ட விழுதும் பொடியும் பரவாயில்லை, ஆனால் சுங்கத்தில் உணவுப் பொருள் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். வெள்ளைப் பொடி பாக்கெட்டைப் பார்த்து அதிகாரி என்ன கேட்பாரோ என்று இவருக்கு ஒரே கவலை. மேலே பெயர் அச்சடித்திருக்கிறது, பில்லும் இருக்கிறது. கேட்டால் அத்தையே விளக்கம் சொல்லிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.